புதுத்தண்ணி

குருவிக்கொல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குக் காவேரி வந்துவிட்டாள் என்று லயம் முழுக்கக் கேட்கக் கூவியவள் பெரியாயி. அதற்கு முந்தின நாள்வரை, ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறை தடுத்த அந்த லயமே அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தது.

கேலி பண்ணாமல் என்ன செய்வார்கள்? இலங்கையில், பசறையில் பஸ் இறங்கி இன்னும் மேலே ஏற வேண்டிய மலை அது. அங்கே ஒருத்தி வருஷம் தவறாமல் ஆடி பதினெட்டன்று ஓடைக்கரையில் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் பரப்பி வைத்துக்கொண்டு காவேரியைக் கும்பிடுவாள். ஆடி மாதத்தில் ஊவாப் பக்கம் மழையே கிடையாது. கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கி, இருக்கிற கொழுந்தையும் கருக்கிவிட்டுப் போகும். ஓடையில் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தாலே பெரிய காரியம்.

"ஏ பெரியாயி, ஒங்க காவேரி எப்புடிடி வருவா? கப்பலேத்துறதுக்கு முன்ன மண்டபம் கேம்புல நிறுத்தி ஊசி போட்டு அனுப்பிட்டானுங்களா, இல்ல அவளும் நம்மள மாதிரி கள்ளத்தோணின்னு பேரெடுக்கப் போறாளா?" என்று கேட்பாள் பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"வருவாடி. வந்தா மொதல்ல ஒன் வாயத்தான் கழுவுவா" என்பாள் பெரியாயி.

இருவருக்கும் ஒரே வயது. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். ஒருத்தியை ஒருத்தி 'டி' போடாமல் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

பெரியாயி குளித்தலைப் பக்கத்தில் பிறந்தவள். ஏழு வயதில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தாள். பிறந்த வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேட்டால்கூடத் தெரியாது. ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்குள் அழியாமல் கிடந்தது. ஆடியில் ஆறு செக்கச்செவேலென்று நுரைத்து வரும். "புதுத்தண்ணி வந்துருச்சு" என்று ஊரே ஓடும். அவள் அம்மா அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கையால் அள்ளி அவள் வாயில் ஊற்றுவாள். ஊரில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், எங்கோ மேற்கே பெய்த மழைக்கு இங்கே ஆறு சிவக்கும். மழையில்லாமலும் சிவப்புத் தண்ணீர் வரும், அப்படி வருவதுதான் தெய்வம் என்று ஏழு வயதிலேயே அவள் படித்துவிட்டாள். அந்தப் படிப்பு இப்படி வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும்?

அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் லயத்துப் பீலி நின்றுபோனது. மலை ஊற்றைத் தகரக் குழாயில் திருப்பி லயத்துக்குப் பின்னால் கொட்ட விட்டிருக்கும் இடம்தான் பீலி. குளிப்பு, துவைப்பு, குடிப்பு, சண்டை எல்லாம் அங்கேதான். அவர்களுக்கு விவரம் தெரிந்த நாளாக அது நின்றது கிடையாது. கை தடிமனுக்கு விழுந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு இளைத்தது. பிறகு சொட்டியது. ஒரு காலையில் பார்த்தால் குழாய் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

கங்காணி போய்த் துரையிடம் சொன்னதற்கு, மழை வந்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. துரை பங்களாவுக்குத் தண்ணீர் வேறு மலையிலிருந்து வருகிறது. அவருக்கு என்ன அவசரம்? பெண்கள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பக்கத்து டிவிசன் பள்ளத்துக்கு இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறினார்கள். ஏறி முடிக்கிறபோதே பாதி உயிர் போய்விடும்.

மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் கரிக்குழி ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்து பூமிக்குள் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. அடுப்புக் கரி இல்லை, பென்சிலுக்குள் வைக்கிற வழுவழுப்பான கருப்புக் கரி. பகலில் வேட்டு வைப்பார்கள். தரைக்குக் கீழே எங்கேயோ 'தும்' என்று கேட்கும். காம்பராவில் அடுக்கியிருக்கும் பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சித்திரையில் அந்தச் சத்தம் லயத்துக்கு நேர் கீழேயே கேட்கத் தொடங்கியது.

"கரிக்குழிக்காரனுங்க நம்ம காம்பராவுக்குள்ளயே வந்து ஏறிருவானுங்க போலருக்கு. சோறாக்கி வைங்கடி" என்றாள் கருப்பம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தையும் வற்றிப்போன பீலியையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியாயிக்கு ஒரே மகள், தனலெட்சுமி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரப் பெரியாயியும் புருஷன் இராமையாவும் ஆனி மாதம் போனபோது சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தாள்.

"குடிக்கத் தண்ணியில்லாத எடத்துக்குப் பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்? இங்க பீலி கொட்டு கொட்டுன்னு கொட்டுது. இங்கயே பெத்துக்கிட்டுமே."

"அது எப்புடிங்க சம்பந்தி, தலப்பிரசவம் தாய் வீட்டுலதானே. எம் மக ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஏங்க மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் பெரியாயி.

பொறுப்பு என்று சொன்ன வாய்க்காக அவள் பட்டபாடு கொஞ்சமல்ல. தான் குளிக்காமல் மகளைக் குளிக்க வைத்தாள். மகளுக்குத் தெரியாமல் அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு மலைக்குப் போனாள். பள்ளத்துத் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. சம்பந்தியம்மாவின் சுளித்த முகம் குடத்துக்குள்ளேயே தெரிகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆடி பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. விறகு பொறுக்கப் போன பெரியாயிக்கு, காய்ந்து கிடந்த ஓடைப் பக்கமிருந்து ஏதோ சலசலப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கி வந்தது. செக்கச்செவேலென்று, ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டு வந்தது. அண்ணாந்து பார்த்தாள், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விறகுக் கட்டைப் போட்டுவிட்டு, முந்தானை எங்கே போகிறது என்று பார்க்காமல் லயத்துக்கு ஓடினாள்.

"காவேரி வந்துட்டா! புதுத்தண்ணி வந்துருச்சு! ஓடியாங்கடி!"

லயம் திரண்டு ஓடைக்கரைக்கு வந்தது. கருப்பம்மா வாயைத் திறந்தாள், கேலி வரவில்லை. "அடி ஆத்தாடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குட்டைகளில் ஒதுங்கிக் கிடந்த நண்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக் கல்லின் மேல் நின்றன. "பாத்தீங்களா? புதுத்தண்ணிக்கு மீனும் நண்டும் ஏறும்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் பெரியாயி. புதுத்தண்ணீருக்கு ஏறுகிற ஜீவன் தண்ணீரை எதிர்த்து ஏறும். இவை தண்ணீரைவிட்டுத் தப்பி ஓடிக்கொண்டிருந்தன. அந்த வித்தியாசம் அன்றைக்கு அங்கே நின்ற ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

குடித்தவர்களுக்கு நாக்குத் துவர்த்தது. இரும்புச் சட்டியை நக்கிய மாதிரி இருந்தது. "புது மண்ணத் தொட்டு வர்ற தண்ணி துவர்க்கத்தான்டி செய்யும்" என்றாள் பெரியாயி. அதற்குமேல் பேச்சில்லை. லயத்தில் புதுத்தண்ணியைக் கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதானே. அந்தத் தண்ணீரில் தேயிலைத் தூளைப் போட்டதும் கருகருவென்று மசிபோல ஆனது. தோட்டத்தில் கொடுக்கிற கழிசல் தூளில் எந்தக் காலத்தில் சாயம் இறங்கியிருக்கிறது?

"இம்மாம் சாயத்துல தொரைகூடக் குடிச்சிருக்க மாட்டாருடி" என்று கருப்பம்மா இரண்டு கோப்பை குடித்தாள். துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாகக் காய்ந்தது. ஆத்தாவே மஞ்சள் முக்கிக் கொடுக்கிறாள் என்று பெண்கள் பூரித்துப்போனார்கள். ஒரு பொய்யை நம்ப வைக்க இத்தனை சாட்சி எங்கிருந்துதான் வந்து சேருமோ!

ஆடி பதினெட்டன்று குருவிக்கொல்லை அதுவரை காணாத கோலத்தில் இருந்தது. புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, மாவிளக்கு. சுமங்கலிகள் ஓடைக்கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். பெரியாயி மகளைப் பலகையில் உட்கார வைத்து, சிவப்புத் தண்ணீரைத் தன் கையால் அள்ளினாள்.

"ஆடியில காவேரி முழுகாம இருப்பா. நீயும் முழுகாம இருக்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறது யாருக்குடி வாய்க்கும்? குடி."

"கசக்குதும்மா."

"மூக்கப் புடிச்சிட்டுக் குடி. புதுத்தண்ணி குடிச்சா பிரசவம் நோகாம ஆகும். பொம்பளப் பிள்ளயாப் பொறந்தா காவேரின்னு பேரு வெச்சிருவோம்."

தனலெட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முகத்தைச் சுளித்து, அப்புறம் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து, ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஏங்க விடமாட்டேன் என்று சொன்ன சொல் நிறைவேறிவிட்டது என்று பெரியாயிக்கு நெஞ்சு நிறைந்தது.

அதற்கப்புறம் மகளுக்கு வயிறு சரியில்லை. லயத்தில் இன்னும் சிலருக்கும் போய்க்கொண்டிருந்தது. விசேஷச் சாப்பாட்டை வெளுத்துக்கட்டியதன் பலன் என்று சிரித்தார்கள். தோட்டத்து மருந்துக்காரர் எல்லோருக்கும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். தனலெட்சுமிக்கு மட்டும் நிற்கவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது, உதடு வெடித்தது, கண் உள்ளே போனது. பிள்ளை வறண்டு போகிறாளே என்று பெரியாயி பதறினாள். பதறிப் பதறி, அந்தத் தண்ணீரையே காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். வாந்தி எடுத்தால் மறுபடியும் கொடுத்தாள்.

கரிக்குழி லொறி மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, லயத்துக்குக் கீழே ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் பதுளைக்குப் போகும். ஓட்டுகிறவர் ஷுக்ரி, பதுளை டவுன்காரர், முஸ்லிம்; அண்ணன் என்கிற முறையில் லயம் அவரை நானா என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு எஞ்சின் கொதித்து ஆவி பறக்க, பாலத்தடியில் வண்டியை நிறுத்தி முன்மூடியைத் திறந்து வைத்திருந்தார். மகளுக்குத் தண்ணீர் மொள்ள வந்த பெரியாயி அதைப் பார்த்தாள். அத்தனை கவலையிலும் அவளுக்கு ஒரு பெருமை வந்தது.

"நானா, தண்ணி வேணுமா? இந்தாங்க, எங்க காவேரித் தண்ணி. ஊத்துங்க" என்று குடத்தில் மொண்டு நீட்டினாள்.

ஷுக்ரி துள்ளிப் பின்னால் நகர்ந்தார். "வேணாம் அக்கா! இத ஊத்தினா ரேடியேட்டரத் தின்னுடும். குழி வாசல்ல வாற இதே தண்ணிய தெரியாத்தனமா ஊத்திட்டு, ஓட்ட விழுந்து, முதலாளிக்கிட்ட ஏச்சு வாங்கினது போதும். நான் பசறையில இருந்தே டின்னுல கொண்டு வாறேன்."

"என்ன நானா சொல்றீங்க? இது புதுத்தண்ணி. ஆடிக்கு வந்தது."

"என்ன புதுத்தண்ணி? குழித் தண்ணி அக்கா! சுரங்கம் வெட்டிக்கிட்டுப் போகக்குள்ள இந்த மலைக்கு அடியில ஊத்து ஒண்டு ஒடச்சிக்கிச்சு. தண்ணி குபுகுபுன்னு குழிக்குள்ள எறங்கிட்டு. மெசின் வச்சு எறைச்சு வெளிய தள்ளுறாங்க. மொதல்ல அந்தப் பக்கம்தான் விட்டது. வயல் எல்லாம் கருகுதுன்னு ஊராக்கள் பொல்லுத் தடியோட வந்துட்டாங்க. அதுக்குப் பொறகு பைப்ப இந்தப் பக்கம் திருப்பிட்டாங்க." அவர் ஓடையைக் காட்டினார். "உங்கட பீலித் தண்ணிதான் இது. குழிக்குள்ள போய், கரியிலயும் கல்லுலயும் ஊறி, கெட்டுப்போய் வருது."

பெரியாயி நீட்டிய குடத்தை இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். ஷுக்ரியின் பார்வை அவள் இடுப்பிலிருந்த குடத்துக்குப் போனது.

"நீங்க குளிக்கத்தானே கொண்டு போறீங்க?"

அவள் குடத்துத் தண்ணீரையே பார்த்தாள்.

"குடிக்கிறீங்களா? யா அல்லாஹ்!"

குடம் எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியாது. லொறிக்குக்கூட ஆகாத தண்ணீர். செம்பையும் பித்தளையையும் தின்கிற தண்ணீர். அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்று சொன்னது யார்? கக்கக் கக்கத் திரும்பவும் ஊற்றியது யார் கை? அவள் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"நானா, போயிறாதீங்க. எம் மகளப் பதுளைக்குக் கொண்டு போகணும். போயிறாதீங்க!"

ஏறின ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. குடத்துத் தண்ணீர் கொட்டிச் சேலை முழுக்கச் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் காம்பரா வாசலில் நின்ற குடத்தை உதைத்தாள். அடுத்ததை உதைத்தாள். கருப்பம்மா வாயருகே கொண்டுபோன கோப்பையைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க! கொட்டுங்க! குடிக்காதீங்க!"

அந்தக் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. உடம்பு வெடவெடவென்று ஆடியது. லயத்துப் பெண்கள் ஒரு கணம் மிரண்டு நின்றார்கள். அவிழ்ந்த தலை, சிவப்புச் சேலை, ஆடுகிற உடம்பு. அப்புறம் யாரோ ஒருத்தி குலவை போட்டாள்.

"ஆத்தா வந்துட்டா! பெரியாயி மேல ஆத்தா வந்துட்டா!"

"இல்லடி! கரி... கரி..." கரிக்குழி என்ற சொல் முழுசாக வெளிவர மூச்சு இல்லை.

"என்ன கேக்குறா?"

"கறி கேக்குறாடி! படையல்ல கறி வைக்கலன்னு கோவிச்சுக்கிட்டா!"

"கரிக்குழி!" என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, "சாந்தமாகு தாயே" என்று கருப்பம்மா ஒரு குடம் சிவப்புத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து அவள் தலையோடு ஊற்றினாள். திறந்த வாய்க்குள் தண்ணீர் போனது. துவர்த்தது. நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தி வேப்பிலையால் முகத்தில் அடித்தாள், இன்னொருத்தி கற்பூரத்தைக் காட்டினாள். அவள் திமிறத் திமிற ஆத்தாவின் உக்கிரம் கூடுகிறது என்று இன்னொரு குடம் வந்தது. நிஜத்தைச் சொல்ல வந்தவளின் வாயை இத்தனை பக்தியாக யாரும் அடைத்திருக்க மாட்டார்கள்.

சத்தம் கேட்டு வேலைக்காட்டிலிருந்து இராமையா ஓடிவந்தான். அதிகம் பேசாத மனிதன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவனிடம் பெரியாயி, "பிள்ள... கீழ லொறி" என்று மட்டும் சொன்னாள். அவன் காம்பராவுக்குள் போனான். தனலெட்சுமி சுருண்டு கிடந்தாள், பாய் நனைந்திருந்தது. மகளை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். கைகளை உதறிக்கொண்டு பெரியாயியும் பின்னால் ஓடினாள். ஆத்தா மலையிறங்குகிறாள் என்று பெண்கள் வழிவிட்டுக் கும்பிட்டார்கள்.

கரி மூட்டைகளுக்கு நடுவே மகளைக் கிடத்திக்கொண்டு போனார்கள். வழியில் பெரியாயி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இராமையா மகளின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பெரியாயி ஷுக்ரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா, திரும்பிப் போகையில லயத்துல சொல்லிருங்க. யாரும் குடிக்க வேணாம்னு சொல்லிருங்க."

"கட்டாயம் சொல்றேன் அக்கா. நீங்க பிள்ளையப் பாருங்க" என்றார் அவர்.

உள்ளே டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இராமையா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ரத்து வத்துர, மாத்தயா, ரத்து வத்துர" என்றான். சிவப்புத் தண்ணீர் என்று அர்த்தம். பனிக்குடம் உடைந்து இரத்தத்தோடு தண்ணீர் போகிறது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு அவசரமாக உள்ளே போனார். அவர் மேல் என்ன தப்பு? ஒரு தாய் மகளுக்குச் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருப்பாள் என்று எந்த டாக்டர் நினைப்பார்?

பெண் பிள்ளை. அழவில்லை. துணியில் சுற்றி இராமையாவின் கையில் கொடுத்தார்கள். காவேரி என்ற பேரை யாரும் சொல்லவில்லை. அவன் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டவுனுக்கு வெளியே இருக்கிற மயானத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் தனலெட்சுமி கண்ணைத் திறந்தாள். மகளாவது மிஞ்சினாள். நர்ஸ் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பெரியாயியிடம் கொடுத்து, கொடுக்கச் சொல்லிச் சாடை காட்டினாள். பெரியாயி கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். தான் ஒரு வாய் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா பாத்துக்கிட்டே இருக்க? தொண்ட காயுதும்மா" என்றாள் மகள். அப்புறம்தான் கொடுத்தாள்.

பகல் பார்வை நேரத்துக்குக் கருப்பம்மா வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. கையில் இலைப் பொட்டலம். பெரியாயி எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். கருப்பம்மா இரண்டடி தள்ளி நின்றாள். பிள்ளை போனதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "கேட்ட மாதிரியே கறி போட்டுட்டோமுங்க" என்றாள்.

பெரியாயிக்கு விளங்கவில்லை. "என்ன கறி?"

"கறி, கறின்னு கேட்டீங்களே. லயத்துல இருந்த சேவலையெல்லாம் ஓடைக்கரையிலயே அறுத்து, அந்தத் தண்ணியிலயே ஆக்கிப் படைச்சோம். கறி படைக்காம குடிச்சதுதான் குத்தம், இனிமே குடிக்கலாம்னு கோயில் பூசாரியும் சொல்லிட்டாரு. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம். பிள்ளைங்களுக்கும் ஊட்டினோம்."

"லொறிக்கார நானா வரலையா? வந்து சொல்லலையா?"

"வந்தாரு. கரிக்குழித் தண்ணி, அது இதுன்னு என்னமோ சொன்னாரு. ஆத்தாவே நேர்ல வந்து பேசினதுக்கு அப்புறம் லொறிக்காரர் பேச்ச யாருங்க கேப்பா?"

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு போத்தல். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. உள்ளே சிவப்பாகத் தளும்பியது. கட்டிலில் கிடந்த தனலெட்சுமி அதைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடுங்க அத்த. நான்தான் ஒழுங்காக் குடிக்காம எல்லாத்தையும் கக்கிட்டேன். அதான் ஆத்தா பிள்ளைய எடுத்துக்கிட்டா."

பெரியாயி போத்தலைப் பிடுங்கிக்கொண்டாள். வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது தெரியும். பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டாள். முந்தானையைச் சரிசெய்தாள். ஆடக்கூடாது, நடுங்கக்கூடாது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பீலிக்கரையில் பேசுகிற குரலில் மெதுவாகப் பேசினாள்.

"ஏ கருப்பம்மா. நான் பெரியாயிடி. ஒன் பக்கத்து நிரையில கொழுந்து பறிக்கிற பெரியாயி. ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னப் பாருடி. என்னைய எப்பவும் மாதிரி ஏதாச்சும் கேலி பண்ணுடி. அப்புறம் நான் சொல்றதக் கேளு."

கருப்பம்மா அவளைப் பார்த்தாள். மெல்ல ஆஸ்பத்திரித் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

"சொல்லுங்க ஆத்தா" என்றாள்.